நான்கு பிரௌசர்களும் ஒரு பெயரும்

ஜூன் 5, திங்கள்

என் கணினி மையக் கடையின் முதல் கணினிக்கு வேறு பிரௌசர் போடுவது என்று இன்று மாலை முடிவு செய்தேன். ஆறு வருடமாக ஒன்றையே வைத்திருக்கிறேன். பக்கம் திறக்க நேரமாகிறது. பள்ளி திறக்கும் மாதம். சான்றிதழுக்கு வரிசை வாசல்வரை நிற்கிறது. காரணம் அவ்வளவுதான்.

இன்று வருமானச் சான்று பதினொன்று, சாதிச் சான்று ஏழு, பி.எஃப். மூன்று. தாலுகா நிருபராகப் பத்திரிகைக்கு அனுப்பியது ஒரே செய்தி: பேருந்து நிலையக் கழிப்பறைக்கு நான்கு நாளாகப் பூட்டு.

பதினொன்றரை மணிக்கு இசக்கிராஜ் வந்தான். எதிரே இருக்கும் நகராட்சி அலுவலகத்தில், பொறியியல் பிரிவில் இளநிலை உதவியாளர். அங்கே நெட் போய்விட்டதாம். ஆணையர் திருநெல்வேலியில் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு கோப்பைக் கேட்கிறாராம். நகராட்சிக் கோப்புகளுக்கான இணையதளத்தை நானே திறந்து கொடுத்தேன். பயனர் பெயருக்கான கட்டத்தில் சொடுக்கியதும் கீழே ஒரு பட்டியல் விழுந்தது. பட்டியலில் ஒரே பெயர்: எமல்டா, பதிவறை.

இசக்கிராஜ் என் தோளுக்கு மேல் குனிந்து நின்றிருந்தான்.

“ஏ அண்ணாச்சி, எமல்டா அக்கா இங்கயும் ஆபீஸ் நடத்துதாவளா?”

“சம்பளச் சீட்டு எடுக்க வந்திருப்பாவ.”

“சம்பளச் சீட்டுக்கு வேற சைட்டுல்லா. இது கோப்பு சைட்டு.”

சிரித்தான். தன் பெயரை அடித்தான், கோப்பை ஏற்றினான், டீ வேண்டாம் என்றான். வாசலில் நின்று ஒருமுறை திரும்பித் திரையைப் பார்த்தான்.

தேதிகளை எழுதிவைக்கிறேன். மே 20, சனி, மாலை மூன்று மணி: நகராட்சிப் பதிவறை எழுத்தர் எமல்டா கடைக்கு வந்தார். தன் பெயரில் உள்ளே போய்க் குடிநீர் ஆய்வுக் கோப்பைக் காட்டினார். கிழக்குத் தொட்டித் தண்ணீர் இரண்டுமுறை ‘குடிக்கத் தகுதியற்றது’ என்று வந்திருக்கிறது. ஓரத்தில் பொறியாளர் கையால் ‘பொதுமக்களுக்கு அறிவிக்கத் தேவையில்லை’ என்று குறிப்பு. பிரிண்ட் எடுக்கவேண்டாம், போட்டோ வேண்டாம், கையால் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். மூன்று பக்கம் எழுதிக்கொண்டேன். மே 25: செய்தி வந்தது. மே 26: தொட்டியை மூடினார்கள். அதற்குள் மூன்று வார்டுகளில் பதினான்கு பேருக்கு மஞ்சள்காமாலை.

எமல்டா அந்தத் தளத்திலிருந்து வெளியேறிவிட்டுத்தான் எழுந்தார். பெயரைக் கணினி சேமித்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 6, செவ்வாய்

நரிப் படம் போட்ட பிரௌசரை இறக்கினேன். என் மனைவி சண்முகவடிவு பிரௌசர்களின் பெயரைச் சொல்லமாட்டாள், படத்தைத்தான் சொல்வாள். பழையது வட்டம். இது நரி. இன்னும் சிங்கம் ஒன்று, நீல அலை ஒன்று இருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு நாள் கொடுத்துப் பார்க்கலாம் என்று காகிதத்தில் கட்டம் போட்டேன்: வேகம், தமிழ் எழுத்துத் தெளிவு, அரசுப் பக்கங்கள் திறப்பது, கைரேகைக் கருவி.

நரி வேகம். எழுத்து தெளிவு. மூன்றாவது கட்டத்தைச் சோதிக்க நகராட்சியின் கோப்புப் பக்கத்தைத் திறந்தேன். வேறு எதையும் திறந்திருக்கலாம். கட்டத்தில் சொடுக்கினேன். பட்டியல் விழுந்தது. அதே பெயர்.

ஏற்றும்போது கேட்டிருக்கிறது: பழைய பிரௌசரில் உள்ளதையெல்லாம் கொண்டுவரட்டுமா? ஆம் என்று கொடுத்திருக்கிறேன். வீடு மாற்றுகிறவன் குப்பைக் கூடையையும் வண்டியில் ஏற்றியதுபோல.

கைரேகைக் கருவிக்கு உரிய மென்பொருளை மறுபடி போடவேண்டும் என்றது. பொறுமை இல்லை. காகிதத்தில் நரியின் நேரே பெருக்கல் குறி போட்டேன்.

ஜூன் 7, புதன்

இசக்கிராஜ் கடை வழியாகப் போனான். எப்போதும் கையைத் தூக்குவான். இன்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே போனான்.

ஜூன் 8, வியாழன்

பன்னிரண்டே காலுக்கு எமல்டா போன் செய்தார். பின்னால் பேருந்து இரைச்சல். தெருவுக்கு வந்து பேசியிருக்கிறார்.

“அண்ணாச்சி, மெமோ குடுத்துட்டாவ.”

படிக்கச் சொன்னேன். படித்தார். தங்களது பயனர் பெயர் தனியார் கணினி மையம் ஒன்றில் பயன்படுத்தப்பட்டதாகத் தெரியவருகிறது. கடவுச்சொல் வேறு எவருக்கேனும் தெரிவிக்கப்பட்டுள்ளதா என்பது உட்பட, ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவேண்டும்.

ஏழாவது தினம் ஜூன் 15.

“யாரு சொல்லிருப்பா? நீங்க, நான், மதினி. நாலாவது ஆளு அங்கன இல்லைல்லா.”

“விசாரிக்கேன்மா.”

“நான் லாகவுட் பண்ணிட்டுத்தான் எந்திச்சேன். ரெண்டு மட்டம் பாத்தேன்.”

“பண்ணினிய. நானும் பாத்தேன்.”

“வேல போச்சுன்னா எனக்கு வேற போக்கு கெடையாது அண்ணாச்சி. அவுக செத்ததுக்குக் குடுத்த வேல இது.”

எமல்டாவின் கணவர் நகராட்சியில் மின்பணியாளர். ஒன்பது வருடத்துக்கு முன் தெருவிளக்குக் கம்பத்தில் இறந்தார். கருணை அடிப்படையில் மனைவிக்கு வேலை கொடுத்தார்கள். மகள் நர்சிங் மூன்றாம் வருடம். அந்த மரணச் செய்தியை எழுதியவன் நான்.

போனை வைத்தேன். பிறகு சிங்கத்தை இறக்கினேன். கொண்டுவரட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று கொடுத்தேன்.

மெமோவுக்கும் திங்கட்கிழமைக்கும் தொடர்பு இருப்பதாக இன்னும் உறுதியாகச் சொல்லமுடியாது.

ஜூன் 9, வெள்ளி

சிங்கம் நல்லது. விளம்பரத்தை உள்ளே விடுவதில்லை. ஆனால் வெறுமையாக இருக்கிறது. ஒருத்தரையும் தெரியவில்லை அதற்கு. வந்தவர்களெல்லாம் சத்தம் போட்டார்கள்.

பீடிக் கம்பெனி செல்லத்தாய் பி.எஃப். பார்க்க வந்தாள்.

“பாஸ்வேர்டு சொல்லும்மா.”

“எங்கிட்ட கேக்கிய? போன மட்டம் ஒரு தட்டு தட்டுனிய, அதுவா வந்துச்சு.”

“இப்ப வராது. உன் பாஸ்வேர்டு உனக்குத்தான தெரியும்?”

“எனக்கு எதுக்கு அது? அத உங்ககிட்டல்லா குடுத்து வச்சிருக்கேன்!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “கணேசன் கடைக்குப் போனா கேள்வியே கேக்கமாட்டான்” என்றார் ஒருவர்.

செல்லத்தாய் சொல்வதில் தப்பில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். வருகிறவர்களுக்குக் கடவுச்சொல் நினைவிருக்காது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள். மறுவாரம் வந்து நின்றால், மாற்றி எடுக்க ஒரு மணி நேரம். அதனால் பிரௌசர் ‘சேமிக்கவா’ என்று கேட்கும்போது கை தானாக ‘ஆம்’ மீது போகும். ஆறு வருடத்தில் எத்தனை பேருடையது என்று வட்டத்தைத் திறந்து எண்ணினேன். ஆயிரத்து இருநூற்று எட்டு. ஊரில் பாதியின் சாவி என் கடையில் தொங்குகிறது. எல்லாரும் நன்றி சொல்லித்தான் போகிறார்கள்.

எமல்டா வாடிக்கையாளர் அல்ல. அவர் வேறு காரியத்துக்கு வந்தவர்.

ஜூன் 10, சனி

வட்டத்திலிருந்து எமல்டாவின் பெயரை அழித்தேன். நரியிலிருந்தும் அழித்தேன். வடிவு உட்காரும் இரண்டாவது கணினியிலும் பார்த்தேன், அங்கேயும் இருந்தது. இரண்டு கணினிக்கும் ஒரே கணக்கு. அழித்தேன்.

பத்து மணிக்கு வட்டாட்சியர் கூட்டம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சந்தேகம் வந்து செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெயர் வந்து நின்றது. போனும் அதே கணக்குதான். காலையில் அழித்தது இதற்கு இன்னும் வந்து சேரவில்லைபோலும். வட்டாட்சியர் பேசியதில் ஒரு வரிகூடக் குறிப்பெடுக்கவில்லை. வெளியே வந்து மரத்தடியில் நின்று அதையும் அழித்தேன். வண்டியில் ஏறுமுன் மறுபடி திறந்து பார்த்தேன். கடைக்கு வந்து மூன்று இடத்திலும் மறுபடி பார்த்தேன். மாலைக்குள் ஒன்பதுமுறை பார்த்திருப்பேன்.

இப்போது எங்கேயும் இல்லை. ஆனால் இசக்கிராஜ் பார்த்தது இருக்கிறது.

மூன்று மணிக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து போன்: வட்டாட்சியர் கூட்டச் செய்தி எங்கே? கரண்ட் இல்லை என்றேன். இருந்தது.

ஜூன் 11, ஞாயிறு

மாதா கோவில் பூசை முடிந்து எமல்டா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கடைக்குப் பின்கட்டுதான் வீடு. தலையில் முக்காடு அப்படியே இருந்தது. வடிவு டீ கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“யாருன்னு தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி. சொரிமுத்துதான்.”

சொரிமுத்து பதிவறை உதவியாளர். பத்தொன்பது வருடம் அந்த அறையைக் காலையில் திறந்து மாலையில் பூட்டியவர். இந்த மாதம் முப்பதாம் தேதி ஓய்வு.

“அன்னைக்கு நான் உங்க கடைக்கு வரும்போது எதுத்த டீக்கடைல நின்னாரு. என்னைப் பாத்தாரு. நான் வந்தது அவரத் தவிர யாருக்கும் தெரியாது. என் பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும். காலைல நான் வாரதுக்குள்ள சிஸ்டத்தப் போட்டு வைப்பாரு. நான்தான் சொல்லிக் குடுத்தேன். கூடப் பொறந்தவர் மாதிரி நெனச்சு.”

வடிவு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“மெமோலயும் அதத்தான் கேட்டிருக்காவ. வேற யாருக்குத் தெரியும்னு. சொரிமுத்துவுக்குத் தெரியும்னு எழுதிக் குடுத்துருதேன். உண்மைதான அது? ஒத்த வரி. அவர் என்னக் காட்டிக் குடுத்தாருல்லா?”

“எழுதினா அவருக்கு என்ன ஆகும்?” என்று வடிவு கேட்டாள்.

எமல்டா டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குத் தெரியும். விசாரணை நிலுவையில் இருந்தால் ஓய்வுபெற அனுமதிக்கமாட்டார்கள். கடைசி நாள் மாலையில் மாலைக்குப் பதில் தற்காலிக நீக்க உத்தரவு வரும். அப்படி மூன்று பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒருவர் விசாரணை முடியுமுன் இறந்துபோனார்.

“நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. அவராத்தான இருக்கும்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 12, திங்கள்

டீக்கடையில் சொரிமுத்து. ஒன்றரை மணி. மதியச் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து, பெஞ்சில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதிவறையில் அவரும் எமல்டாவும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள் என்பது நகராட்சிக்கு வந்துபோகும் எவருக்கும் தெரியும்.

“என்ன சொரிமுத்தண்ணே, இங்க?”

“உள்ள புழுக்கம்.”

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

“ரிட்டையர்மென்டு ஏற்பாடெல்லாம் எப்படி?”

“அதுக்கென்ன, நடக்கும்.” சோற்றைப் பிசைந்தார். “ரிப்போட்டரய்யா, ஒண்ணு கேக்கேன். ஒரு மனுசன் என்ன தப்பு செஞ்சான்னு சொல்லாமலே அவங்கிட்ட சாவிய வாங்கிட்டா, அவன் யாருகிட்டப் போய்க் கேக்கணும்?”

“யாரு வாங்கினா?”

“வெள்ளிக்கெழமைலருந்து மேடமே தெறக்காவ, மேடமே பூட்டுதாவ. நான் வராந்தால நிக்கேன். பத்தொம்பது வருசம். ஒரு தாளு காணாமப் போனதில்ல.”

டப்பாவை மூடினார். பாதிச் சோறு இருந்தது.

கடைக்கு வந்து நீல அலையை இறக்கினேன்.

ஜூன் 13, செவ்வாய்

நீல அலை: வேகம் பரவாயில்லை, எழுத்து தெளிவு, கைரேகைக் கருவி வேலை செய்கிறது, எல்லா அரசுப் பக்கமும் திறக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கு அதை எடுத்துவிட்டுச் சிங்கத்துக்குப் போனேன். பன்னிரண்டுக்கு மறுபடி அலை. ஒரு மணிக்கு நரியில் கைரேகைக்கு உரியதைப் போட உட்கார்ந்தேன். வரிசையில் ஆறு பேர். ஒரு பெண் தன் மகளின் சாதிச் சான்றுக்கு மூன்றாவது தடவை பெயர் சொன்னாள். மூன்றாவது தடவையும் நான் தப்பாக அடித்தேன்.

வடிவு எழுந்து வந்தாள். வரிசையில் நின்றவர்களிடம், “சர்வர் போச்சு, மூணு மணிக்கு வாங்க” என்றாள். ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

“இப்ப என்ன தேடுதிய அந்தப் பெட்டிக்குள்ள?”

“நல்லதா ஒண்ணு பாக்கேன். இது பத்திரமா இல்ல.”

“எது பத்திரமா இல்ல?”

“பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அதுவா சேத்து வச்சுக்கிடுது.”

“அதுவா?” என்றாள். “நான் பக்கத்து மிசின்லதான இருந்தேன் அன்னைக்கு. சேமிக்கவான்னு கேட்டுச்சு. எமல்டா கீழ குனிஞ்சு கைப்பைய எடுத்தா. நீங்கதான் அமுக்குனிய.”

“பழக்கத்துல...”

“செல்லத்தாய்க்கு அமுக்குற மாதிரி.”

“ஆமா.”

“அதச் சொல்லிருக்கலாம்லா, ஞாயித்துக்கெழம? அந்தப் புள்ள ஒங்க மூஞ்சியப் பாத்து, அவராத்தான இருக்கும்னு கேட்டப்ப?”

“நான் ஒண்ணும் சொல்லலயே.”

“ஒண்ணும் சொல்லல. தலைய ஆட்டுனிய.”

வடிவு ஷட்டரை மேலே தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ‘நான் ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். பொய் அல்ல. ஒரு வார்த்தையும் பேசவில்லை. தலையை ஆட்டினேன். இரண்டுமுறை. ஐந்தாம் தேதி ‘கணினி சேமித்துக்கொண்டிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறேன். இப்படி எழுதுகிற அதிகாரிகளைப் பற்றி இருபத்தாறு வருடம் கேலி செய்திருக்கிறேன். ‘கோப்பு தவறியுள்ளது.’ ‘தாமதம் ஏற்பட்டுள்ளது.’ யார் தவறவிட்டது, யார் தாமதித்தது என்று போன் போட்டுக் கேட்பேன்.

பெயர் என் கடையிலிருந்துதான் கசிந்தது என்று தெரிந்தால் இனி எவரும் ஒரு காகிதமும் கொண்டுவரமாட்டார்கள் என்று நினைத்தேன். அதுதான் நினைத்தேன். எமல்டாவைப் பற்றி நினைக்கவில்லை, சொரிமுத்துவைப் பற்றியும் நினைக்கவில்லை.

இன்னும் இரண்டு நாள்.

ஜூன் 14, புதன்

எமல்டா ஆறு பத்து பேருந்தில் ஊருக்குப் போவார். ஐந்தே முக்காலுக்கே பேருந்து நிலையத்தில் நின்றேன். பூக்கடையைத் தாண்டி வந்தார். கையில் பழுப்புக் கவர்.

“நாளைக்குக் குடுக்கணும்லா. வீட்டுல வச்சு நல்ல தாள்ல எழுதணும்” என்றார். “நீங்க சொன்னப்புறம் மனசு ஒரு நெலைக்கு வந்துருச்சு அண்ணாச்சி.”

“எழுதாதீய.”

“என்ன?”

சொன்னேன். செய்தி சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன். சேமிக்கவா என்று கேட்டது, நான் அமுக்கியது, ஐந்தாம் தேதி இசக்கிராஜ் வந்தது, பட்டியல் விழுந்தது, அவன் கேட்டது, நான் சம்பளச் சீட்டு என்றது. கடைசியில் தலையாட்டியது.

அவர் கவரை மார்போடு வைத்துக்கொண்டு கேட்டார். பேருந்து வந்து நின்றது. ஏறவில்லை. அது போனபிறகு பேசினார்.

“அஞ்சாந்தேதியே ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“மெமோ வந்தன்னைக்கு, விசாரிக்கேன்னு சொன்னிய.”

“ஆமா.”

“நான் அந்த மனுசன் கைல இருந்த சாவியப் புடுங்கினேன் அண்ணாச்சி. சோத்துப் பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு வேற டேபிளுக்குப் போனேன். ஏம்மான்னு கேட்டாரு. மூஞ்சியப் பாக்கல நான்.”

மன்னிப்புக் கேட்டேன்.

“அத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எனக்கு நீங்க செஞ்சது ஒரு பட்டன். அவருக்குச் செஞ்சது வேறல்லா.” கவரைப் பிரித்தார். உள்ளே இருந்த தாளை எடுத்து இரண்டாகக் கிழித்து, குப்பைத் தொட்டி தேடி நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார். “நாளைக்கு ஒண்ணரை மணிக்கு ரெக்கார்டு ரூமுக்கு வாங்க.”

“எல்லாரும் பாப்பாவ. உங்களுக்குத்தான்...”

“பாக்கட்டும். தண்ணி கெட்டுக் கெடக்குன்னு சொன்னவ நான். அத எதுக்கு ஒளிக்கணும்?”

அடுத்த பேருந்து ஏழு மணிக்கு. கூட நிற்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

கடைக்கு வந்து சிங்கம், நரி, அலை மூன்றையும் எடுத்தேன். பழைய வட்டமே போதும். அது கேட்டது, நான் சொன்னேன். அதன்மேல் குற்றம் இல்லை. ஆயிரத்து இருநூற்று ஏழு பேருடையதையும் அழித்தேன். அமைப்புக்குள் போய், இனிக் கேட்கவே வேண்டாம் என்று கொடுத்தேன். ஓர் அட்டையில் எழுதி வாசலில் கட்டித் தொங்கவிட்டேன்: ‘கடவுச்சொல்லை நீங்களே எழுதி நீங்களே வைத்துக்கொள்ளவும்.’ கணேசன் கடைக்குப் பாதிப் பேர் போய்விடுவார்கள். போகட்டும்.

ஜூன் 15, வியாழன்

ஒன்று இருபத்தைந்துக்கு ரோட்டைக் கடந்தேன். நகராட்சி வராந்தாவில் இசக்கிராஜ் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டான். யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை.

பதிவறைக் கதவு திறந்திருந்தது. எமல்டா உள்ளே நின்றுகொண்டிருந்தார். மேசையில் அவர் விளக்கத்தின் நகல், தபால் பிரிவு முத்திரையோடு. காலையிலேயே கொடுத்துவிட்டார். தலைகீழாகப் படித்தேன்: ‘மேற்படி கோப்பினைப் பொதுமக்களின் உடல்நலன் கருதி நானே பத்திரிகையாளருக்குக் காண்பித்தேன். இதில் வேறு எவருக்கும் தொடர்பில்லை.’

“சஸ்பென்சன் எப்ப வரும்?” என்றேன்.

“சாயந்தரம் வரும்னு சொல்லுதாவ. வரட்டும். கேஸ் போட்டா சஸ்பென்சன் நிக்காதாம், யூனியன்ல சொன்னாவ. தண்ணி குடிச்சுப் படுத்தவுக பதினாலு பேரு இருக்காவுல்லா.” எமல்டா வெளியே போனார்.

சொரிமுத்துவை அழைத்துவந்தார். அவர் வாசற்படிக்கு வெளியே நின்றார்.

“உள்ள வாங்கண்ணே” என்றார் எமல்டா. சாவியை நீட்டினார்.

சொரிமுத்து சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை. “மொதல்ல விசயத்தச் சொல்லுங்க மேடம்.”

நான் சொன்னேன். நேற்றுச் சொன்ன வரிசையிலேயே. வராந்தாவில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள், அவர்களுக்கும் கேட்டிருக்கும். முடிந்ததும் சொரிமுத்து எமல்டாவைப் பார்த்துக் கேட்டார்:

“நீங்க இங்க உள்ள கோப்பக் காட்டுனிய. அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா? பேப்பர்ல படிச்சன்னைக்கே தெரியும். அந்தக் குறிப்பு எந்தப் பக்கத்துல இருக்குன்னு உங்களுக்கும் எனக்கும்தான தெரியும்? யாருகிட்டயாச்சும் மூச்சு விட்டனா?”

எமல்டா அழுதார். சொரிமுத்து அவரைச் சமாதானப்படுத்தவில்லை. என்னிடம் திரும்பினார்.

“வாய்வார்த்தை வேண்டாம் அய்யா. எழுத்துல குடுங்க. முப்பதாந்தேதிக்குள்ள எவனாவது ஏதாவது கெளப்புனா எங்கிட்ட ஒரு தாள் இருக்கணும்.”

மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஐந்து வரி. நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, கோப்பில் பார்ப்பதுபோல விரலால் வரி தொட்டுப் படித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு சொல்லை அடித்தார். ‘தவறுதலாக.’

“தவறுதலாவா அமுக்குனிய? சேமிக்கணும்னுதான அமுக்குனிய?”

“ஆமா.”

“அப்ப அது வேண்டாம்.” மேலும் படித்தார். “தலையாட்டுனது இதுல இல்லையே.”

“அது... எழுதணுமா அண்ணே?”

“மத்ததெல்லாம் மெசின்ல நடந்தது. அது ஒண்ணுதான் எனக்கு நடந்தது.”

புதுத் தாள் கொடுத்தார். மறுபடி எழுதினேன். ‘எமல்டா அவர்கள் என்னிடம் கேட்டபோது, காட்டிக்கொடுத்தவர் சொரிமுத்து அல்ல என்று எனக்குத் தெரிந்திருந்தும், அவர்தான் என்று பொருள்படத் தலையை அசைத்தேன்.’ இருபத்தாறு வருடத்தில் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. அவர் நின்றுகொண்டே காத்திருந்தார். படித்தார். தலையை ஆட்டவில்லை, “சரி” என்றார்.

கையெழுத்துப் போட்டு, கீழே ‘தாலுகா நிருபர்’ என்று எழுதத் தொடங்கினேன். விரலை வைத்து நிறுத்தினார்.

“அது வேண்டாம். கடைப் பேரப் போடுங்க. கடைல வச்சுல்லா நடந்துச்சு.”

அடித்துவிட்டு, கடைப் பெயரை எழுதினேன்.